கிளாஸ் நீட்டாத லாட்ஜ்

என் ஜெராக்ஸ் கடை விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது போர்டுக்குத்தான். ரயில் டிக்கெட், ஆதார் திருத்தம், கரண்டு பில் என்று ஊரில் பாதிப் பேரின் காரியம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கிறது. திருப்பதி, ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு லாட்ஜும் பார்த்துக் கொடுப்பேன். அவர்கள் கேட்கிற கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம். கோயிலுக்குப் பக்கமா, சுடுதண்ணீர் வருமா, கீழ் ரூமா மாடி ரூமா. பானுமதி அக்கா கேட்டதை மட்டும் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

“கனகா, இந்த மூணு லாட்ஜுல எதுல சாராயம் இருக்காதுன்னு பாத்து சொல்லு.”

லாட்ஜ் இருந்தது அமெரிக்காவில்.

அக்காவின் மகன் சேரன் கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அப்பாவுக்கு அறுபது முடிகிறது, திருக்கடையூருக்கு வந்து கல்யாணம் பண்ணிவைக்க எனக்கு லீவு இல்லை, நீங்கள் ரெண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று டிக்கெட்டே போட்டுவிட்டான். விசாவும் வந்துவிட்டது. அங்கே போனதும் மகன், மருமகளோடு ஒரு மலையடிவார ஊரில் சில நாள் தங்க வேண்டுமாம். பூமிக்குள்ளிருந்து வெந்நீர் கொப்பளிக்கிற ஊர், மூட்டுவலிக்கு நல்லது, எங்கே தங்கலாம் என்று அம்மாவே பார்த்துச் சொல்லட்டும் என்று மூன்று லாட்ஜுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பையன் ஆசையாகத்தான் செய்திருக்கிறான். அந்த ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் திராட்சைத் தோட்டம், அங்கே தொழிலே ஒயின் எடுப்பதுதான், அதைக் குடித்துப் பார்க்கவே எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள் என்பதையும் பெருமையாக எழுதியிருந்தான்.

அதைப் படித்த பிறகு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். அவருக்கு நல்லூர் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளுக்குப் பிசிறு சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, மூக்கும் விரலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார். பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒரு நூல் கோணினாலும் தூக்கி மண் கூழிலேயே போட்டுவிடுவார். சூளையிலிருந்து வந்த பொம்மையை நகத்தால் தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்றால் ஓரங்கட்டிவிடுவார். மனுஷர்களிடமும் அதே கதைதான். நான் கடை வைத்த புதிதில் என்னையும் ரொம்ப நாள் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்த முகம் காட்டினார்.

அவர் வீட்டுக்காரர் மாணிக்கவேல் மாமாவுக்கு அதே கம்பெனியில் சூளை வேலை. பேச்சு கம்மி. ‘நல்ல மனுஷன்தான், குடிச்சாத்தான் அப்படி’ என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தினமும் குடிக்கிற ஆள் எந்த நேரத்தில்தான் நல்ல மனுஷனாக இருந்தார்? தாலிக்கொடி போனது, பசுமாடு போனது. அப்பனைப் பார்த்து வளரக் கூடாது என்று சேரனை ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலில் கொண்டுபோய்ப் போட்டார் அக்கா. லீவு விட்டால் நல்லூரில் தாய்மாமன் வீடு. அப்பா எப்போதாவது குடிப்பார், பிறகு வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார் என்பதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அப்படி மூடி மூடி வளர்த்தார்.

ஒரு சாயங்காலம் மாமா போதையில் சூளைக்கு முன்னால் விழுந்து லுங்கியில் தீப்பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை. அக்கா ஓடிவந்து, அச்சில் ஊற்றுவதற்கு வைத்திருந்த மண் கூழை வாளி வாளியாகத் தூக்கி அவர்மேல் கொட்டினார். தீ அணைந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை மண் அப்பி, கண் மூடி, அசையாமல் கிடந்தார் மாமா. செத்துவிட்டார் என்றே அக்கா நினைத்துவிட்டார். அழக்கூட வரவில்லையாம். முகத்து மண்ணை வழித்து எடுத்த பிறகுதான் மூச்சு இருப்பது தெரிந்தது. அந்த மூச்சிலும் சாராய நாற்றம்.

மாமா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அக்கா மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினார். எங்கள் பக்கத்தில் போலீசில் சொல்லித் தீராததை இந்தச் சாமியிடம் எழுதிக் கொடுப்போம். இன்ன ஊர் இன்னார், இன்னார் மேல் இன்ன புகார் என்று ஸ்டேஷனில் எழுதுவதுபோலவே எழுதி, பூசை செய்து, கோயிலில் கட்டிவிட்டு வர வேண்டும். குறை தீர்ந்ததும் மறுபடி போய், தீர்ந்துவிட்டது சாமி, பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கா தன் புருஷன்மேலேயே பிராது கட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாமா அதற்குப் பிறகு தொடவே இல்லை. பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ராஜினாமா மட்டும் அக்கா எழுதவே இல்லை. கேட்டால், “எழுதிட்டா சாமி கேஸ முடிச்சிடும்டி. அப்புறம் இவர யாரு பாத்துப்பா?” என்பார்.

சாமியை மட்டும் நம்பி அவர் உட்கார்ந்துவிடவும் இல்லை. மாமா வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு சொம்புத் தண்ணீரோடு எதிரே போய் ஒட்டி நிற்பார். பார்க்கிறவர்களுக்கு, புருஷன்மேல் உயிரையே வைத்திருக்கிற பெண்டாட்டி. நடப்பது மூக்கின் வேலை.

இப்போது அந்த மாமாவைத்தான் பிள்ளை ஒயின் ஊருக்குக் கூப்பிடுகிறான். வரவில்லை என்று சொல்லலாம்தான். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அக்கா அதற்குத் தயாரில்லை. ஆகவே அது இல்லாத லாட்ஜாகப் பார்த்துப் பிடித்துவிட்டால் போதும் என்று என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் லாட்ஜைத் திறந்தேன். தோட்டத்துக்கு நடுவிலேயே கட்டியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் திராட்சைக் கொடி. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“வாசல்ல எறங்குனதும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின் குடுத்து வரவேற்பாங்களாம்க்கா.”

“காசுக்கா?”

“சும்மாவேதான்.”

அக்கா வாய்மேல் கையை வைத்துக்கொண்டார். “கல்யாண வூட்டுல பன்னீரு தெளிக்கிற மாரியா? இன்னாடி ஊரு அது! வேணாம். அடுத்ததக் காட்டு.”

அடுத்தது ஒரு சின்ன வீடு. வாசலில் பூந்தொட்டி, ஊஞ்சல், தலை நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தால் குடும்பக்காரங்க மாதிரி இருக்கிறது, இதையே போடு என்றார். நான் கீழே படித்தேன். தினமும் சாயங்காலம் விருந்தாளிகள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஒயின் குடிப்பார்களாம்.

“அந்த அம்மா இருக்கும்போதா?”

“அந்த அம்மாதான் ஊத்தியே குடுக்குறாங்க.”

அக்கா ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார். வெந்நீர் கொப்பளிக்கும் அதிசயமும் மலையின் அழகும் அவர் காதில் ஏறவே இல்லை. ஊர் மேப்பைப் போடு, சாராயக் கடை எந்தப் பக்கம் இருக்கிறது பார்க்கலாம் என்றார். நம் ஊரில் கடை இருக்கிற ரோட்டை விட்டுச் சுற்றிப் போவதில்லையா, அந்தக் கணக்கு. மேப்பைப் போட்டு ஒயின் என்று தேடினேன். திரை முழுக்க அம்மை போட்டமாதிரி சிவப்புப் புள்ளி. அக்கா எழுந்து வந்து திரையைத் தொட்டே பார்த்தார். “எந்த ரோட்டுலதான்டி இல்ல?” என்றார்.

மூன்றாவது லாட்ஜ் ஒன்றுதான் மிச்சம். பழைய காலத்து இடம், உடம்பு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்குவது. ஒரு வரி விடாமல் படித்தேன். இந்த வளாகத்தில் மது கிடையாது என்று தெளிவாகப் போட்டிருந்தது.

“கெடச்சிடுச்சிக்கா! சேறு பூசி வைத்தியம் பண்றாங்க, அவ்வளவுதான். படம் இருக்குது பாருங்க.”

படம் பெரிதாகத் திறந்தது. வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் கழுத்துவரை சேறு, சேற்றுக்கு மேல் ஒரு தலை. கண்கள் மூடியிருந்தன. ஓரத்துத் தொட்டியில் ஒரு வயசாளியின் முகத்திலும் சேறு அப்பியிருந்தது.

“ஐயோ!”

அக்கா போட்ட சத்தத்தில் ஆதார் நகல் எடுக்க வந்து நின்றவர் கையிலிருந்த காகிதத்தையெல்லாம் கீழே போட்டுவிட்டார். அக்கா சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். உயிரோடு இருக்கிறவர்கள்தான், காசு கொடுத்துத்தான் படுத்திருக்கிறார்கள், வெதுவெதுவென்று சுகமாக இருக்குமாம் என்று நான் என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை.

“இப்புடித்தான் கெடந்தாரு கனகா,” என்றார். பிறகு, நாளைக்கு வேலை விட்டு வருகிறேன், யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். டீ வாங்கி வைத்திருந்தேன். அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை, சூளை வேலைக்குப் போகும் முன் மாமா வந்து நின்றார். தனியாக. கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் படியேறினார்.

“கனகா, பையன் மூணு லாட்ஜு அனுப்பிருக்கான்மா. பானு போன்லேருந்து எடுத்தாந்தேன். இதுல எதுல... அது இருக்காது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எது மாமா?” என்றேன், தெரியாதவள் மாதிரி.

“அதான்மா. அதான்.” பெயரைச் சொல்லவில்லை. “பானுகிட்ட சொல்லிடாத. பயந்துடும்.”

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரே கேள்வியை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நான் நேராகச் சேற்று லாட்ஜைத் திறந்து காட்டினேன். அக்கா அலறிய படத்தை மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “நல்ல மண்ணா இருக்குதே. கல்லு, மணலு இல்லாம சலிச்சிருக்கான்,” என்றார். அவ்வளவுதான். தீப்பிடித்த அன்றைக்கு அவருக்கு நினைவே இல்லையே, தானும் இப்படிக் கிடந்தது எப்படித் தெரியும்?

“இங்க அது கெடையாது மாமா.”

“அப்ப இதுதான். மத்ததையும் ஒரு வாட்டி காட்டு. ஏன் வேணாங்கிறேன்னு பையன் கேட்டா சொல்லத் தெரியணும்.”

முதல் லாட்ஜைத் தட்டினேன். திரை நிறைய ஒரு கண்ணாடிக் கிளாஸ் வந்து நின்றது. அதில் பாதிக்கு மேல் கருஞ்சிவப்பாக ஒயின், பின்னால் வெயிலில் தோட்டம். மாமா திரைக்குப் பக்கமாகக் குனிந்திருந்தார். வாசலில் நிழல் தட்டியது. கம்பெனியில் கரண்டு இல்லை என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். முழங்கைவரை காய்ந்த மண்ணோடு பானுமதி அக்கா நின்றிருந்தார்.

“போறதுக்கு முன்னாடியே பாக்க வந்துட்டீங்களா?”

மாமா நிமிர்ந்து திரும்பினார்.

“பதினோரு வருஷம்! எல்லாத்தையும் மறந்துட்டீங்கன்னு நெனச்சிக்கிட்டு நான் நிம்மதியா தூங்குறேன். நீங்க இங்க வந்து கிளாஸப் படம் போட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. நீயும் காட்டுறியேடி, ஒனக்கு மனசாட்சி இருக்குதா?”

“அக்கா, நீங்க கேட்டதையேதான் மாமாவும்...” என்று ஆரம்பித்தேன். மாமா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“மறந்துட்டேன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

சத்தமே இல்லாமல்தான் கேட்டார்.

“ஒரு நாளுகூட மறக்கல பானு. நீ பிராது கட்டுன அன்னிக்கே சாமி வந்து ஆசைய எடுத்துக்கிட்டு போயிடுச்சின்னு நெனச்சிக்கிட்டு இருக்க. போவல. அது அப்புடியேதான் இருக்குது. கம்பெனிக்கு எதிர்த்தாப்புல கடைன்னு நான் இன்னி வரைக்கும் பின்பக்கமா சுத்திக்கிட்டுதான் வூட்டுக்கு வரேன். இங்கயும் அது இல்லாத எடமாத்தான் தேடிக்கிட்டு நிக்கிறேன். நீ சொம்பத் தூக்கிக்கிட்டு வந்து மோந்து பாக்குறது தெரியும். ஆரம்பத்துல கோவமா வரும். அப்புறம், இவ மோந்து பாக்குறதுக்காவது இன்னிக்கு ஒழுங்கா போயி சேரணும்னு தோணும். அப்புடித்தான் ஓடுச்சு இத்தினி வருஷமும்.”

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தட்டிப் பார்த்தே பழகின மனுஷி. இந்த ஒன்றில் மட்டும் சத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே இத்தனை வருஷம் படுத்துத் தூங்கியிருக்கிறார். விட்டவன் விட்டுவிட்டான் என்றுதானே நான்கூட நினைத்தேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ தூங்க மாட்ட.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த மண் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு என்னைப் பார்த்து, “அந்த மண்ணு லாட்ஜே போடு கனகா. இவரு படுத்துக்கட்டும். நான் கண்ண மூடிக்கிட்டுப் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்,” என்றார்.

“லாட்ஜுல ஒண்ணும் இல்ல பானு,” என்றார் மாமா. “கடைக்காரன் நீட்டுனா தட்டி வுட்டுட்டுப் போயிடுவேன். எம்புள்ள நீட்டுனா? போன வாரம் போன்ல சொல்றான், ‘அப்பா, ஒங்க அறுபதுக்கு நம்ம ரெண்டு பேரும் ஒக்காந்து ஒரு கிளாஸு’ன்னு. எவ்ளோ ஆசையா சொல்றான் தெரியுமா? அவன் கையிலேருந்து வாங்க மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. வாங்குனா குடிக்காம கீழ வைக்கவும் தெரியாது.”

அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று லாட்ஜையும் மேப்பையும் சல்லடை போட்டுச் சலித்தோமே, இது எங்களுக்குத் தோன்றவே இல்லையே.

மாமா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுச் சேரனைக் கூப்பிட்டார். வேண்டாம், பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பீர்கள் என்று அக்கா கையைப் பிடித்தார்.

“குடிச்சிட்டு முழிக்கிறதுக்கு இது மேலு,” என்று சொல்லிவிட்டு மாமா பேசினார். சுற்றி வளைக்கவில்லை. சூளையில் நடந்தது உன்னிடம் சொன்னமாதிரி விபத்து இல்லை, நான் போதையில் விழுந்தேன், உன் அம்மா மண்ணைக் கொட்டிக் காப்பாற்றினாள், ஒரு வாய் உள்ளே போனாலும் நான் பழைய ஆள் ஆகிவிடுவேன் என்றார். லைன் போய்விட்டதோ என்று மாமா போனை எடுத்துப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரில் சேரன் குரல் வந்தது.

“வாங்கப்பா. நீங்க வர்றதுக்குள்ள வூட்டுல இருக்குறத எல்லாம் எடுத்துக் கொட்டிடுறேன்.”

“வூட்டுலயுமா வச்சிருக்க?” என்று அக்கா அலறினார். நேற்றைய அலறலைவிட இது பெரிது. லாட்ஜ் தேடின இடம் ஒன்று, பாட்டில் இருந்த இடம் வேறு! பிள்ளை என்னென்னவோ சமாதானம் சொன்னான். மாமா, பரவாயில்லைப்பா, அப்புறம் பேசலாம் என்று சொல்லிப் போனை அணைத்தார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து மாமா முன்னால் போய் நின்றார். சொம்பு இல்லாமல் அவ்வளவு பக்கத்தில் அவர் நின்று நான் பார்த்ததில்லை.

“நாளைக்கே மணவாளநல்லூரு போறேன். ராஜினாமா எழுதிக் குடுத்துடுறேன். இவ்ளோத்தையும் உள்ளயே வச்சிக்கிட்டுத் தாங்கிருக்கீங்க. ஒங்க மேல பிராது கெடக்குறது பாவம்ங்க.”

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை இவ்வளவையும் சாதாரணமாகச் சொன்ன மனுஷன், இதற்குத்தான் பதறினார்.

“வேணாம் பானு. எழுதிடாத. அது அங்க கெடக்கட்டும்.”

“ஏங்க?”

“அமெரிக்கா போயிட்டு வந்துடுறேன். ஒழுங்கா திரும்பி வந்தா எழுது. இப்ப எடுத்துடாத.” கெஞ்சுகிற குரல். தன்மேல் இருக்கிற புகாரை எடுக்காதே என்று ஒரு ஆள் கெஞ்சி அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அக்கா அவர் கைமேல் கையை வைத்தார். நான் சேற்று லாட்ஜைப் பதிவு பண்ணலாம் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். முதல் லாட்ஜின் படம் அப்படியே திறந்து கிடந்தது. திரை நிறைய அந்தக் கிளாஸ். அப்போதுதான் கவனித்தேன். அக்கா உள்ளே வந்ததிலிருந்து மாமா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றிருந்தார். போன் பேசியபோதும் சரி, அக்கா அழுதபோதும் சரி, ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

இப்போதும் திரும்பாமலே கேட்டார்.

“கனகா, அத மூடிடுறியாம்மா?”

மூடினேன்.